அக்காவின் முன்பல்

எங்கள் கிளினிக்குக்குப் பல் வெளுக்க வருகிறவர்களில் பாதிப் பேருக்கு அது தேவையே இல்லை. கல்யாணப் பெண், புது வேலைக்குப் போகிறவன், பிரிந்துபோன புருஷன் எதிரில் பளிச்சென்று போய் நிற்க ஆசைப்படுகிறவள் என்று எல்லோரும் வந்து கண்ணாடியில் ஈ என்று காட்டி, "எவ்வளவு மஞ்சள் பாருங்க" என்பார்கள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். பல் என்றால் கொஞ்சம் மஞ்சளாகத்தான் இருக்கும், சுவருக்கா சுண்ணாம்பு அடிக்கிறோம்? ஆனால் நான் அங்கே சம்பளத்துக்கு இருப்பவள். டாக்டர் பக்கத்தில் நின்று எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடிப்பது, ஜெல்லைக் கலந்து கொடுப்பது, விளக்கை வாய்க்கு நேராகத் திருப்புவது எல்லாம் என் வேலை. என் வாயை மூடிக்கொண்டு செய்வேன்.

என் அக்காவுக்கு மட்டும் அது நிஜமாகவே தேவைப்பட்டது.

அவளுக்கு மேல்வரிசையில், நட்டநடுவில், ஒரு முன்பல் கறுப்பு. சின்ன வயதில் அம்மா அவளுக்குச் சைக்கிள் கற்றுக்கொடுத்தாள். சீட்டைப் பின்னாலிருந்து பிடித்தபடி ஓடி வந்தாள். "விடாதம்மா, விடாதம்மா" என்று அக்கா கத்த, "விடலடி, பிடிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே அம்மா கையை எடுத்துவிட்டாள். சைக்கிள் கற்றுக்கொடுக்கிற எல்லோரும் செய்கிற காரியம்தான். அக்கா தனியாகத் தெருமுனை வரைக்கும் ஓட்டினாள். அங்கே திரும்பிப் பார்த்தாள். அம்மா எங்கேயோ தூரத்தில் நிற்பது தெரிந்ததும் கை ஆடி, வாய் நடைபாதையின் சிமெண்ட் விளிம்பில் போய் மோதியது. பல் விழவில்லை, உள்ளே செத்துவிட்டது. வருஷம் போகப் போகச் சாம்பல் நிறமாகி, பிறகு ஈரமான சிலேட்டு நிறத்துக்கு வந்து அங்கேயே நின்றுவிட்டது. பின்னால் ஒரு சமயம் வேர் சிகிச்சை செய்ததில் வலி போனது, நிறம் போகவில்லை.

அக்காவுக்குக் கல்யாணம் ஆகவில்லை. அந்தப் பல்லால்தான் என்று அம்மா நம்பினாள், நான்தானே கையை விட்டேன் என்று தனக்குள் அரித்துக்கொண்டே இருந்தாள். அக்காவைக் கேட்டால், "என் பல்லால இல்லடி, வந்தவனுங்க மூஞ்சியால" என்பாள். பேச்சு இப்படி இருந்தாலும் வெளியில் சிரிக்க வேண்டி வந்தால் அவள் கை தானாக வாய்க்குப் போய்விடும். அம்மா எதிரில் மட்டும் கையை வைத்து மறைக்க மாட்டாள். மறைத்தால் அம்மாவுக்கு இன்னும் வலிக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

அக்கா ஓர் இன்சூரன்ஸ் ஆபீசில் பின்னறையில் உட்கார்ந்து கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று முன் கவுண்டருக்கு மாற்றினார்கள். முதல் நாளே மேனேஜர் வந்து, "கொஞ்சம் சிரிச்ச முகமா இருங்க மேடம், வர்றவங்க பயப்படுறாங்க" என்று சொல்லிவிட்டுப் போனாராம். அன்றைக்கு அவள் வீட்டுக்கு வந்து ஒரு பாட்டம் அழுதாள். அழுது முடித்துவிட்டு, "உங்க டாக்டரால இதை வெள்ளையாக்க முடியுமாடி?" என்று கேட்டாள். இத்தனை வருஷமாக நான் அந்த நாற்காலி பக்கத்தில் நிற்கிறேன், அவள் கேட்டது அதுதான் முதல் தடவை.

எங்கள் டாக்டருக்கு நாங்கள் வைத்த பெயர் பொறுமை. எதற்கெடுத்தாலும் "பொறுமை, பொறுமை" என்பார். முதலில் அக்காவின் பல் பக்கத்தில் நிற மாதிரிப் பற்களை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்துப் படம் எடுத்தார். "வெளுத்த பிறகு முன்னாடி எப்படி இருந்துச்சுன்னு யாருக்கும் ஞாபகம் இருக்காது, அதுக்குத்தான் இந்தப் படம்" என்பது அவருடைய வழக்கமான வசனம். அக்காவின் கறுப்புக்கு ஈடான மாதிரி அந்தப் பெட்டியிலேயே இல்லை. அப்படியே எழுதிக்கொண்டார்.

உயிருள்ள பற்களுக்கு ஒரே நாள் வேலை. கன்னத்தை விரித்துப் பிடிக்கும் பிளாஸ்டிக்கை மாட்டினேன், ஈறு வெந்துபோகாமல் இருக்க விளிம்பில் நீலப் பசையைத் தடவி இறுகவைத்தேன், ஜெல்லைப் போட்டோம், விளக்கை வைத்தோம். நடுவில் சுளீர் சுளீர் என்று கூசியதில் அக்கா என் விரலை நசுக்கிவிட்டாள். செத்த பல்லுக்கு அது போதாது. பின்பக்கமாகத் துளை போட்டு, மருந்தை உள்ளேயே வைத்து அடைத்து அனுப்ப வேண்டும். வாரத்துக்கு ஒரு தடவை வந்து மருந்தை மாற்றிக்கொள்ள வேண்டும். கறுப்பு உள்ளிருந்து கரையும். "இது நடந்துகிட்டே வெளுக்கிற பல்லு. நீங்க ஆபீசுக்குப் போங்க, அது பாட்டுக்கு வெளுக்கும். பொறுமை" என்றார் டாக்டர்.

அது பாட்டுக்குத்தான் வெளுத்தது. சிலேட்டு சாம்பலாகி, சாம்பல் பழைய பேப்பர் நிறமாகி, கடைசியில் பக்கத்துப் பல்லோடு போய் உட்கார்ந்துகொண்டது. கடைசித் தடவை கண்ணாடியைக் கையில் கொடுத்ததும் அக்கா பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு சிரித்தாள். கை பாதி வழி வரைக்கும் வந்துவிட்டு, வேலை இல்லாமல் மடியில் இறங்கியது. நான் குழாயைக் கழுவுகிற சாக்கில் அந்தப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு.

வீட்டில் அம்மா எந்த நிலையில் இருந்தாள் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும்.

அம்மாவுக்கு மறதி நோய். முதலில் அடுப்பை மறந்தாள், பிறகு வீட்டுக்கு வரும் வழியை, பிறகு அப்பா செத்துப்போனதை, பிறகு அப்பாவையே. என்னை மறந்தது எப்போது என்று எனக்கே தெரியாது. நான் கிளினிக்கின் வெளிர்பச்சைச் சட்டையோடு போவதால் அவளுக்கு நர்ஸ் ஆகிவிட்டேன். பக்கத்தில் உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருப்பேன், "நர்ஸம்மா, என் பெரிய பொண்ணு ஆபீஸ்ல இருந்து வந்துட்டாளா?" என்று கேட்பாள். சின்னவளைப் பற்றிப் பேச்சே வராது. எனக்கு வயிறு எரியும், அதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை. ஆனால் சாயங்காலம் அக்கா வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, "வந்துட்டேம்மா" என்று பல் தெரியச் சிரித்ததும் அம்மாவின் முகம் மலரும். சில நாள் விரலால் அந்தப் பல்லைத் தொட்டு, "வலிக்குதாடி?" என்பாள். அந்தக் கேள்வியைச் சின்ன வயதிலிருந்து கேட்டு வருகிறோம், அதனால் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அம்மா ஒழுங்காகச் சாப்பிடுவதும் மாத்திரை விழுங்குவதும் அக்கா கையால்தான். பகலில் அடுத்த வீட்டு அம்மா பார்த்துக்கொள்வார், மத்தியானம் நான் வந்து ஊட்டினால் பாதியை என் சட்டைமேலேயே துப்புவாள். அவளைப் பார்க்கும் மூளை டாக்டர் ஒளிவுமறைவு இல்லாமல் சொல்லியிருந்தார். "வீட்டுல ஒருத்தரையாவது அடையாளம் தெரியுற வரைக்கும் உங்ககிட்டயே வச்சுக்குங்க. அதுவும் போயிட்டா யார் கையாலயும் சாப்பிட மாட்டாங்க. அப்போ மறதி நோய்க்காரங்களுக்குன்னு இருக்கிற இல்லத்துலதான் சேக்கணும், அங்க இருக்கறவங்களுக்கு இதெல்லாம் பழக்கம்."

அந்த இல்லத்தை அக்கா ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். "எல்லார் கையிலயும் பேர் எழுதிக் கட்டியிருக்காங்கடி, பார்சல் மாதிரி" என்றாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்க விடவில்லை. அம்மா தன்னை மறக்கிற வரைக்கும் அம்மா வீட்டில்தான் என்பதில் அவள் உறுதியாக இருந்தாள்.

மருந்து வைத்துப் பல் சிலேட்டிலிருந்து சாம்பலாக மாறிய வாரத்தில்தான் அம்மா அக்காவின் வாயையே உற்றுப் பார்க்க ஆரம்பித்தாள். அடுத்த வாரம், "நீ எங்க இருந்து வர்ற?" என்று கேட்டாள். "ஆபீஸ்ல இருந்தும்மா" என்றாள் அக்கா. அம்மா அதை நம்பாதவள்போல் தலையை ஆட்டினாள். அதற்கும் அடுத்த வாரம் கரண்டியைத் தட்டிவிட்டாள். மூளை டாக்டரிடம் ஓடினோம். அவர் நோய் முற்றுகிறது என்று சொல்லி மாத்திரையை மாற்றினார். நாங்களும் நோயைத்தான் திட்டினோம். தினமும் ஆயிரம் பல்லைப் பார்க்கிறேன் என்று பீற்றிக்கொள்கிற என் மண்டையில் எதுவும் உறைக்கவில்லை.

கடைசியில் அம்மாவே சொன்னாள். நான் அவளுக்குத் தலை வாரிவிட்டுக்கொண்டிருந்தேன். அக்கா ஜன்னலோரம் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அம்மா என் கையைப் பிடித்து இழுத்து, குரலைத் தாழ்த்தி, "நர்ஸம்மா, அந்தப் பொம்பளைய வெளிய அனுப்புங்க. என் மக மாதிரி குரலை மாத்திப் பேசுறா" என்றாள்.

"அது உன் பெரிய பொண்ணுதாம்மா."

"என்னைக் கிறுக்கின்னு நெனச்சீங்களா? என் மகளுக்கு முன்பல்லு கறுப்பு. நான்தான் சைக்கிள்ல இருந்து கைய விட்டேன். இவளுக்குப் பல்லு பால் மாதிரி இருக்கு. என் பொண்ணு எங்க போனான்னு கேளுங்க."

அக்காவுக்குக் கேட்டுவிட்டது. மடித்த துணியைப் பிரித்தாள், மறுபடியும் மடித்தாள். எல்லாவற்றையும் தொலைத்த அம்மா அந்த ஒரு குற்றத்தை மட்டும் கெட்டியாகப் பிடித்து வைத்திருந்திருக்கிறாள். அதை வைத்துத்தான் மகளைக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தாள். நாங்கள் அதை மருந்து வைத்துக் கரைத்துவிட்டோம்.

அதற்கு மேல் நான் செய்தது முட்டாள்தனம். அவசரத்தில் என் கண்மையை எடுத்து, அக்காவின் பல்லைப் பஞ்சால் துடைத்து உலர்த்தி, பட்டையாகத் தீட்டிவிட்டேன். தூரத்தில் பார்த்தால் பழைய பல்லேதான். அக்கா வாயை மூடாமல், மூச்சுகூட மூக்கால் விட்டுக்கொண்டு அம்மா எதிரில் போய் உட்கார்ந்தாள். அம்மாவின் கண் அகலமானது. "வந்துட்டியாடி" என்று கையை நீட்டி, பல்லைத் தொட்டாள். தொட்டு, தேய்த்தாள். விரல் கறுப்பானது.

அம்மா விரலைப் பார்த்தாள், பல்லைப் பார்த்தாள். பிறகு அலறினாள். "சாயம்! சாயம் பூசிட்டு வந்து ஏமாத்துறா! என் பொண்ண என்னடி பண்ண?" தலையணையைத் தூக்கி எறிந்தாள். பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டி என்ன ஏது என்று விசாரிக்கும்படி ஆகிவிட்டது. அக்கா குளியலறைக்குப் போய் வாயைக் கொப்பளித்தாள். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. நான் கதவுக்கு வெளியே கையைப் பிசைந்துகொண்டு நின்றேன்.

அன்றிலிருந்து அக்கா பக்கத்தில் வந்தாலே அம்மா வாயை இறுக மூடிக்கொண்டாள்.

மறுநாள் டாக்டரிடம் போனோம். "இதைப் பழையபடி கறுப்பாக்கிக் குடுங்க" என்றாள் அக்கா. டாக்டர் முதலில் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை என்பதைக் கவனித்து நிறுத்திக்கொண்டார். நான் நடந்ததைச் சொன்னேன்.

"போன கறுப்பு திரும்ப வராதும்மா. சாம்பல் நிறத்துல மேல ஒரு பூச்சு போடலாம், அது கையோட வராது" என்றார். "ஆனா இப்போ போட முடியாது. வெளுப்பு மருந்து பல்லுக்குள்ள இன்னும் ஊறிக் கெடக்கு. அது முழுக்கப் போற வரைக்கும் எந்தப் பூச்சும் பிடிக்காது, ரெண்டு நாள்ல உரிஞ்சு வந்துடும். சில வாரம் விட்டுத்தான் ஆகணும். பொறுமை."

அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்கு வந்த கோபத்துக்கு அவர் மேஜையைக் கவிழ்த்திருப்பேன். ஆனால் அவர் சொன்னது உண்மை. ஒட்டாமல் உரிந்து விழுந்த பூச்சுகளை நானே பார்த்திருக்கிறேன். மறுபடியும் அம்மா கையில் ஒன்று உரிந்து வந்தால் அதோடு எல்லாம் முடிந்தது.

காத்திருந்தோம். வெள்ளையாகிவிட்ட மற்றப் பற்களையாவது மங்கவைக்கலாம் என்று அக்கா பால் விடாத டீயை நாள் முழுக்கக் குடித்தாள், வாயில் வைத்துக் கொப்பளித்தாள். வெளுத்த வாரங்களில் நான் "டீ, காப்பி பக்கமே போகாதே" என்று அவளை விரட்டியது நினைவுக்கு வந்தது. ஆபீசில் மேனேஜர், "இப்பதான் மேடம் கவுண்டர் களையா இருக்கு" என்றாராம். அக்கா அதை என்னிடம் சொல்லிவிட்டு, "களையாம்டி" என்று ஒரு தடவை சொல்லிக்கொண்டாள்.

அந்த வாரங்களில் அம்மா பாதியானாள். என் கையால் இரண்டு வாய், அடுத்த வீட்டு அம்மா கையால் ஒரு வாய். வளையல் முழங்கை வரைக்கும் ஏறியது. மகள் வருவாள் என்று கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். மகள் அடுத்த அறையில், குரல் கேட்டால் அம்மா மிரளுவாள் என்று பேசாமல் உட்கார்ந்திருந்தாள். மூளை டாக்டர் இல்லத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். அடுத்த வாரம் ஒரு கட்டில் காலியாகும் என்று அங்கிருந்து போன் வந்தது. காலியாகும் என்றால் என்ன அர்த்தம் என்று இரண்டு பேருமே கேட்டுக்கொள்ளவில்லை.

ஒருவழியாக டாக்டர் நாள் குறித்தார். முன்பு எடுத்த படத்தைத் திரையில் பெரிதாக வைத்துக்கொண்டு, சாம்பல், கொஞ்சம் நீலம், ஓரத்தில் பழுப்பு என்று மெல்லிய படலமாக வைத்து வைத்து இறுகவைத்தார். கறுப்பைக் கொண்டுவர இத்தனை பாடுபட்டவரை நான் பார்த்ததே இல்லை. பல் அச்சு அசலாகப் பழைய பல்தான். ஆனால் சுற்றியிருக்கிற பற்கள் டீக்கு அசைந்து கொடுக்கவில்லை, வெள்ளை நடுவில் அது முன்னைவிடக் கறுப்பாகத் தெரிந்தது. கண்ணாடியை நீட்டினேன். "எனக்கு எதுக்குடி அது" என்று அக்கா எழுந்துவிட்டாள்.

வீட்டுக்குப் போனபோது அம்மா கட்டிலில் சாய்ந்திருந்தாள். நான் பாலில் ஊறவைத்த ரொட்டியைக் கிண்ணத்தில் கொண்டுவந்து அக்கா கையில் கொடுத்தேன். அக்கா அம்மா முகத்துக்கு நேராக உட்கார்ந்து, மறைக்காமல் சிரித்தாள். "வந்துட்டேம்மா."

அம்மா பார்த்தாள். விரல் மெதுவாக மேலே வந்தது. பல்லைத் தொட்டது, தேய்த்தது, இன்னும் அழுத்தித் தேய்த்தது. அம்மா தன் விரலைத் திருப்பிப் பார்த்தாள். சுத்தமாக இருந்தது.

"ஐயோ பாவம்" என்றாள். "பல்லு செத்துப் போயிருக்கே. யாரு பெத்த பொண்ணும்மா நீ?"

அக்கா கிண்ணத்தை மடியில் இறக்கினாள். நான் அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

"சின்ன வயசுல விழுந்தியா?"

"ஆமாம்மா. சைக்கிள்ல இருந்து."

"உங்கம்மா பிடிச்சுக்கலையா?"

அம்மாவின் விரல் இன்னும் அக்காவின் உதட்டருகில் இருந்தது.

"பிடிச்சுக்கிட்டுத்தாம்மா இருந்தாங்க. விடவே இல்ல. நான்தான் திரும்பிப் பாத்து விழுந்துட்டேன்."

"அதானே" என்றாள் அம்மா. முகத்தில் அத்தனை நிம்மதியை நான் வருஷக்கணக்காகப் பார்த்ததில்லை. "பெத்தவ விடுவாளா?"

பிறகு வாயைத் திறந்தாள். அக்கா ஊட்ட ஊட்டக் கிண்ணம் முழுவதையும் சாப்பிட்டாள். மாத்திரையையும் விழுங்கினாள். வாயைத் துடைத்துவிட்டதும் என் பக்கம் திரும்பி, "நர்ஸம்மா, இந்தப் பொண்ணு நல்லவளா இருக்கா. என் பெரியவ வர்ற வரைக்கும் இவ இங்கயே இருக்கட்டும்" என்றாள்.

"இருக்கேம்மா" என்றாள் அக்கா.